ஏரியும் கெண்டையும் இளவேனில் வானும்

ஓர் ஊரின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுவோர் பலர்; அதனை நீரில் தேடுவோர் சிலரே. பேராறு ஒன்றும் பாயாத பெங்களூரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் அதன் ஏரிகளிடம் செல்ல வேண்டும். அந்த ஏரிகளின் வரலாற்றை அறிய விழைவோர், கரையில் தூண்டிலுடன் அமர்ந்திருக்கும் மனிதனிடமும், பரிசலில் வலை விரிப்பவனிடமும் செல்லலாம். ஏனெனில் நீரின் நலமும் நோவும் அவர்களுக்கே முதலில் தெரிகின்றன.

மாசி முடிந்து பங்குனி பிறந்ததும் இந்நகரின் வானம் ஒரு நிலையில் நிற்பதில்லை. காலையில் பனியின் எச்சம். நண்பகலில் கடும் வெயில். மாலையில் கிழக்கே கருமுகில். இரவில் இடியுடன் அரைமணி நேரப் பெருமழை. மறுநாள் எதுவுமே நிகழாதது போன்ற தெளிந்த வானம். மாம்பிஞ்சு பருக்கும் காலத்து மழையாதலின் இதனை மாங்கனி மழை என்பர். இந்த நிலையற்ற பருவமே கெண்டை பிடிப்போர்க்கு ஆவலும் ஐயமும் தரும் பருவம். இக்கட்டுரை அந்தப் பருவத்தையும், அந்த மீனையும், அதனைத் தாங்கிய ஏரிகளையும் பற்றியது.

ஆறில்லா ஊர்

பெங்களூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமைந்த நகரம். அம்மேட்டின் மேற்கே வீழும் மழைநீர் விருஷபாவதி வழியே அர்க்காவதியை அடைந்து காவிரியிற் கலக்கிறது. கிழக்கே வீழும் நீர் ஏரிக்கு ஏரி இறங்கி, பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையிற் சேர்கிறது. ஆக, இந்நகரில் பெய்யும் மழை எத்திசையில் ஓடினாலும் இறுதியில் தமிழகத்து வயலுக்கே செல்கிறது. இங்கு வாழும் நம்மவர் பலர் எண்ணிப் பாராத உண்மை இது.

ஓடும் நீரைத் தடுத்து நிறுத்தவே இந்நாட்டார் ஏரிகளை வெட்டினர். மேலேரி நிரம்பி வழிந்தால் கீழேரிக்கு நீர் செல்லும் சங்கிலி அமைப்பு அது. தமிழில் நாம் தூம்பு என்பதைக் கன்னடர் தூபு என்பர். நாம் ஏரிக்கோடி என்பதை அவர்களும் கோடி என்றே கூறுவர். இரு மொழியாளரும் ஒரே நீர்க்கலையின் மாணவர் என்பதற்கு இச்சொற்களே சான்று. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் ஹொய்சளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. கண்டோன்மெண்ட் தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்பே இம்மண்ணில் தமிழ் வழங்கியது என்பதை அவை உணர்த்துகின்றன.

1537இல் முதலாம் கெம்பே கவுடர் கோட்டையெடுத்து நகரமைத்தபோது ஏரிகளையும் அமைத்தார். நம் சங்கத்திற்கு அண்மையிலுள்ள அல்சூர் ஏரியை அவர் வழிவந்த இரண்டாம் கெம்பே கவுடர் வெட்டுவித்தார் என்று மரபு கூறும். 1809இல் ஆங்கிலேயர் இவ்வேரியின் அண்மையிலேயே படைவீடு அமைத்தனர். படையோடு வந்தவர்களும், படைக்குப் பொருள் வழங்க வந்த வணிகரும், கட்டடப் பணிக்கு வந்த தொழிலாளரும் எனத் தமிழ்க் குடும்பங்கள் பல அல்சூரைச் சுற்றிக் குடியேறின. இந்நகரத் தமிழரின் பழைய வாழ்வுக்கு இவ்வேரி ஒரு சாட்சி.

அரசர் வகுத்த தூண்டிற்கலை

தூண்டில் போட்டு மீன்பிடிப்பதைப் பொழுதுபோக்காக வளர்த்தவர் ஆங்கிலேயரே என்று எண்ணுவாருண்டு. கன்னட நாட்டு வரலாறு இதனை மறுக்கிறது. கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'மானசோல்லாசம்' என்னும் வடமொழிப் பெருநூலை இயற்றினான். அரசியலும் மருத்துவமும் சமையலும் இசையும் கூறும் அந்நூலில் 'மத்ஸ்ய வினோதம்' என்றோர் இயல் உண்டு. மீன்களின் வகைகள், அவை கடலிலும் ஆற்றிலும் ஏரியிலும் வாழுமாறு, எவ்வெவற்றிற்கு எவ்விரை இட வேண்டும், கோலும் கயிறும் முள்ளும் எவ்வாறு அமைய வேண்டும் என்பனவெல்லாம் அதில் முறையாக வகுக்கப்பட்டுள்ளன. மீன்களை முதலில் இரையிட்டு ஓரிடத்தில் பழக்கி, பின்னரே தூண்டில் இடும் வழக்கத்தையும் அது பேசுகிறது. விலங்கியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா 1950களின் தொடக்கத்தில் இவ்வியலை ஆராய்ந்து அறிவியல் உலகிற்கு எடுத்துக்காட்டினார்.

இங்கிலாந்தில் தூண்டிற்கலை பற்றிய முதல் அச்சு நூல் 1496இல் வெளிவந்தது. ஐசக் வால்டனின் புகழ்பெற்ற நூலோ 1653இல் தோன்றியது. சோமேசுவரன் அவர்களுக்கு முந்நூறு, ஐந்நூறு ஆண்டுகள் முற்பட்டவன். பின்னர், சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் 'இந்தியாவில் தூண்டில்' என்னும் பொருள்படும் நூலை எழுதித் தென்னாட்டு நீர்நிலைகளை ஆங்கிலேயர்க்கு அறிமுகம் செய்தார். வேந்தன் நூலுக்கும் அதிகாரி நூலுக்கும் இடைப்பட்ட காலமெல்லாம் மூங்கிற் கோலும் மண்புழுவும் கொண்டு ஏரிக்கரையில் அமர்ந்த எளியோர் நூலெழுதவில்லை. ஆயினும் கலையை இழந்துவிடாமல் காத்தவர்கள் அவர்களே.

கெண்டை என்னும் சொல்

தமிழனுக்குக் கெண்டை புதிய மீனன்று. கயலைக் கொடியிற் பொறித்தவன் பாண்டியன். சேலும் கயலும் கெண்டையும் புலவர்க்குக் கண்ணுக்கு உவமையாயின. மருத நிலத்து வயலில் அவை துள்ளாத பாட்டுகள் குறைவு. கன்னடத்திலும் இம்மீனுக்குக் 'கெண்டெ' என்றே பெயர். காவிரிப் படுகையில் சேற்கெண்டையும் வெண்கெண்டையும் தொன்றுதொட்டு வாழ்பவை. மழை பெய்து கோடி வழியும்போது இவை எதிர்நீச்சலிட்டு ஏறும். சிற்றோடைகளிலும் வயற்கால்களிலும் புகும். பழைய ஏரிகளில் மீன் பெருகியது இவ்வாறுதான். எவரும் குஞ்சு விட்டதில்லை, மழையே விட்டது.

ஆனால் இன்று பெங்களூர் ஏரிகளில் தூண்டிலில் அகப்படும் பெரிய கெண்டைகளுள் மிகப்பல இம்மண்ணிற் பிறந்த இனங்கள் அல்ல. அவை எங்கிருந்து வந்தன என்பது சுவையான வரலாறு.

குடியேறிய மீன்கள்

முதலில் வந்தவை வடநாட்டு மீன்கள்: கட்லா, ரோகு, மிர்கால். கட்லாவின் வாய் மேல்நோக்கியது. அது நீரின் மேற்பரப்பில் மேயும். ரோகு நடுநீரில் மேயும். மிர்கால் அடித்தரையில் மேயும். ஒரே ஏரியில் மூன்றும் பூசலின்றி வாழலாம் என்பதே அவற்றின் சிறப்பு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை மாகாண மீன்துறையினர் கோதாவரிக் கட்லாவைக் காவிரிக்குக் கொணர்ந்தனர். 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் அது அங்கே பெருகிற்று.

எனினும் இம்மீன்களிடம் ஒரு குறை இருந்தது. தேங்கிய நீரில் அவை முட்டையிடா. மழைக்காலத்துப் பெருவெள்ளம் உடலைத் தொட்டால்தான் சினை முதிர்ந்து வெளிப்படும். ஆகவே வங்கத்து ஆறுகளில் வெள்ளம் வரும்போது குஞ்சுகளை வாரியெடுத்து, ஹவுராவிலிருந்து புகைவண்டியில் நாடெங்கும் அனுப்பினர். வழியில் இறந்தவை போக எஞ்சியவையே ஏரிகளை அடைந்தன. இந்நிலையை மாற்றியவர் ஹீராலால் சௌதுரி. 1957 ஜூலை 10ஆம் நாள், ஒடிசாவின் அங்குலில், மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசிவழிச் செலுத்திக் குளத்து நீரிலேயே கெண்டையை முட்டையிடச் செய்தார். வெள்ளத்திற்குக் காத்திருந்த மீன் மனிதனின் ஊசிக்குப் பணிந்தது. அந்நாளே இன்று தேசிய மீன் உழவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இரண்டாவதாக வந்தது சாதாக்கெண்டை. காஸ்பியன், கருங்கடல் சார்ந்த நாடுகளிலும் கிழக்காசியாவிலும் தோன்றிய மீன் இது. ஐரோப்பியத் துறவிமடக் குளங்களில் வளர்க்கப்பட்டு, பின் குடியேற்ற நாடுகள் எங்கும் பரவியது. 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. இந்திய மண்ணில் இம்மீனின் வாழ்வு தமிழக மலையில் தொடங்கியது என்பது குறிக்கத்தக்கது. ஆயினும் அந்த வகை குளிர்நீரையே விரும்பியது. சமவெளிக்கு ஏற்ற வகை 1957இல் பாங்காக்கிலிருந்து கட்டாக்கிற்கு வந்தது. அங்கிருந்து நாடெங்கும் பரவியது. 1959இல் ஜப்பானிலிருந்து வெள்ளிக்கெண்டையும், ஹாங்காங்கிலிருந்து புற்கெண்டையும் வந்தன. பிற்காலத்தில் ஹங்கேரியின் அமுர் கெண்டையும் பெங்களூர் ஆராய்ச்சியாளர் கைகளில் வளர்ந்து உழவரை அடைந்தது.

வந்தவை எல்லாம் நன்மையே செய்தன என்று கூறவியலாது. சாதாக்கெண்டைக்கு வாயோரத்தில் இரண்டிணை மீசைகள் உண்டு. அது சேற்றைக் கிளறி இரை தேடும். கிளறிய சேறு நீரைக் கலக்கும். கலங்கிய நீரில் நீர்த்தாவரம் ஒளியின்றி வாடும். அதை நம்பிய நாட்டு மீன்கள் நலியும். காஷ்மீரத்து தால் ஏரியில் இம்மீன் பெருகியபின் அங்குள்ள பழைய மீன்கள் அருகிவிட்டன. ஏரி மாசுற்றதும் அதற்குத் துணைக் காரணமாயிற்று. புதியவர் வரவு பழையவர் வாழ்வைப் பறிக்குமா என்னும் வினாவை மனிதரைக் குறித்தும் கேட்கின்றனர்; நாமும் அதனை எதிர்கொண்டவர்களே. மீனைப் பொறுத்தமட்டில் விடை இதுதான்: தானாக வந்த மீன் இவற்றுள் ஒன்றுமில்லை. கொண்டு வந்தவன் மனிதன். எந்த நீரில், எத்தனை விடலாம் என்று அளந்து விட வேண்டிய கடமையும் அவனுடையதே. மனிதரோ தம் கடமையைத் தாமே அறிந்து நடக்க வல்லவர்.

பங்குனி வானமும் தூண்டிற்காரனும்

சாதாக்கெண்டை தேங்கிய நீரிலேயே முட்டையிடும். நம் நாட்டில் அதன் முதற் சினைப்பருவம் தை முதல் பங்குனி வரை. மற்றொன்று ஆடி, ஆவணியில். ஒரு கிலோ எடையுள்ள பெண்மீன் ஏறத்தாழ ஒரு லட்சம் முட்டைகளை இடும். அவை பசைபோல் ஒட்டும் தன்மையுடையன. நீர்த்தாவரங்களில் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாளிற் பொரிக்கும். ஆகவே இளவேனில் தொடக்கத்தில் பெருங்கெண்டைகள் ஆழத்தை விட்டுக் கரையோரப் பாசிக்கு வருகின்றன. தூண்டிற்காரனின் ஆவலுக்குக் காரணம் இதுவே. சினைமீனைப் பிடித்தால் மீண்டும் நீரில் விட்டுவிடுவதே நல்ல வழக்கம்.

அவனது ஐயத்திற்குக் காரணம் வானம். சித்திரையில் இந்நகரின் உச்ச வெப்பம் 33, 34 பாகை செல்சியசை எட்டுகிறது. நீர் சூடேற ஏற அதில் கரையும் உயிர்வளி குறைகிறது. கடல்மட்டக் கணக்கில், 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் 9 மில்லிகிராம் அளவுக்கு உயிர்வளி கரையும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே கரையும். பகலில் பாசி உயிர்வளியை வெளிவிடுகிறது. இரவில் அதுவே உயிர்வளியை உட்கொள்கிறது. ஆகவே விடியற்காலையில்தான் நீர் மிகவும் மூச்சற்றிருக்கும். அவ்வேளையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அவை விளையாடுகின்றன என்று வேடிக்கை பார்ப்போர் எண்ணுவர். மூச்சுக்குத் தவிக்கின்றன என்பது தூண்டிற்காரனுக்குத் தெரியும். அன்று அவன் இரையிடுவதில்லை. இட்டாலும் மீன் தொடுவதில்லை.

முகில் மூடிய நாட்களில் பாசிக்கு ஒளி கிட்டாது. உயிர்வளி மேலும் குன்றும். காற்று வீசி அலையெழுந்தால் நீர் மூச்சுவிடும். காற்று மோதும் கரையில் இரைத்துகளும் சேரும். தேர்ந்தவர் அக்கரையில் அமர்வதன் காரணம் இது. கோடை மழை இருவகைப்படும். தூய நீர் ஏரியில் விழுந்தால் குளிர்ச்சி தரும், கெண்டை சுறுசுறுப்படையும். தெருவின் அழுக்கையும் சாக்கடையில் மாதக்கணக்காகத் தேங்கிய கழிவையும் முதல் மழை அடித்துக்கொண்டு வந்தால், அதே மழை நஞ்சாகும். அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளி முழுவதையும் உண்டுவிடுகின்றன. முன்பு மீனைப் பெருக்கிய மழை இன்று மீனைக் கொல்லும் மழையாகவும் மாறியுள்ளது. மழை மாறவில்லை, அது ஓடிவரும் வழி மாறிற்று.

ஏரி விட்ட மூச்சு

அவ்வழி எப்படி மாறிற்று? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்நீர் நகரை அடைந்தது. பின்னர் 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. அதன்பின் தொலைவிலுள்ள காவிரியே வந்தது. குழாய் வந்ததும் குடிநீருக்கு ஏரி தேவையற்றதாயிற்று. வயல்கள் மனைகளானபோது பாசனத்திற்கும் தேவையற்றதாயிற்று. தர்மாம்புதி ஏரி நின்ற இடத்தில் இன்று பேருந்துகள் நிற்கின்றன. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் உள்ளது. எஞ்சிய ஏரிகளுக்கு நகரம் நீரைத் தரவில்லை, கழிவைத் தந்தது.

2015இல் பெள்ளந்தூர் ஏரியின் நுரை தீப்பற்றியது. 2017இலும் 2018இலும் அவ்வேரியில் மீண்டும் தீ எழுந்தது. நீர் எரியும் என்பதைப் பழங்கதையிலன்றி நேரிற் கண்ட தலைமுறை நாம். அந்நீரே தென்பெண்ணையாக ஓசூர்க் கெலவரப்பள்ளி அணையை அடைந்து அங்கும் நுரைத்தது. 2016 மார்ச்சில் நம் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. வெப்பமும் கழிவும் கூடி உயிர்வளியைக் குறைத்ததே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள், பதினெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின், இவ்வேரிக்கரையில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டபோது நாம் அடைந்த மகிழ்ச்சி பெரிது. ஏழாண்டுகள் கழித்து அதே கரையில் வெள்ளி வெள்ளியாய் மீன்கள் ஒதுங்கின. வான்சிறப்புப் பாடிய புலவரின் பெயரால் கூடும் நமக்கு அக்காட்சி ஒரு வினாவை விடுத்துச் சென்றது.

பாசிப்பாட்டம்

விடையைப் பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் காணலாம். ஏரியில் மீன்பிடிக்கும் உரிமைக்குச் செலுத்தும் தொகைக்குப் 'பாசிப்பாட்டம்' என்று பெயர். ஊரவை அத்தொகையை ஏரியின் தூர் எடுக்கவும் கரையை உயர்த்தவும் செலவிட்டதுண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி, ஏரிகாக்க ஏரிவாரியம் என்றே ஒரு குழு குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டது. கன்னட நாட்டிலும் ஏரியைக் காப்போர்க்கு நிலம் வழங்கும் வழக்கம் இருந்தது. அதனைப் 'பித்துவட்ட' என்றனர். ஏரியில் எடுத்தவன் ஏரிக்குத் திருப்பித் தந்தான் என்பதே இவற்றின் சாரம். மீனும் தூரும் ஒரே கணக்கேட்டில் இருந்தன.

பிற்காலத்தில் அக்கணக்கு இரண்டாகப் பிரிந்தது. மீன்குத்தகை ஒரு துறைக்கும், கரை மற்றொரு துறைக்கும், கழிவு வேறொரு துறைக்கும் சென்றன. குத்தகைக்காரர் குஞ்சு விட்டார், மீன் பிடித்தார்; தூரைப் பற்றிக் கவலைகொள்ள அவருக்குக் கடமையில்லை. கரைவாழ் மக்களோ குழாயைத் திறந்தனர். ஏரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏரி செத்தது மாசினால் மட்டுமன்று, இந்தப் பிரிவினையாலும்தான்.

பிரிந்த கணக்கு மீண்டும் சேரக்கூடும் என்பதற்கும் இந்நகரிலேயே சான்றுண்டு. வடக்கேயுள்ள ஜக்கூர் ஏரியில், சுத்திகரித்த கழிவுநீரைக் கோரையும் நாணலும் நிறைந்த ஈரநிலத்தின் வழியே செலுத்தி, மேலும் தூய்மையாக்கி ஏரியில் விட்டனர். ஏரி நிறைந்தது, பறவை வந்தது, மீனவர் பரிசலை இறக்கினர். கைகொண்டனஹள்ளி ஏரியில் குடிமக்களே முன்னின்று மாநகராட்சியுடன் சேர்ந்து சீர்திருத்தினர். ஏரியின் பயனைக் கண்ணால் காண்போர் இருக்கும் இடத்தில் ஏரிக்குக் காவலும் இருக்கிறது.

தூண்டிற்காரனை நாம் வேலையற்றவன் என்று எள்ளிக் கடக்கிறோம். தக்கையின் அசைவிலும் நீரின் நிறத்திலும் அவன் படிப்பது நம் அனைவருக்கும் உரிய செய்தி. பங்குனி விடியலில் மீன் மூச்சுத் திணறுவதைக் கண்டவன் அதனைச் சொல்லவும், சொன்னால் கேட்கவும் இடமிருந்தால், கரையொதுங்கிய மீன்களைப் பின்னர் எண்ண வேண்டியதில்லை.

கங்கைக் கட்லாவும் பாங்காக்குக் கெண்டையும் எங்கிருந்து வந்தாய் என்று கேளாமல் இவ்வேரி வைத்துக்கொண்டது. நம் பாட்டன்மாரையும் அவ்வாறே வைத்துக்கொண்டது. குடியேறியவன் இம்மண்ணுக்குரியவன் ஆவது எப்போது என்னும் வினாவிற்கு நம் முன்னோரின் கல்வெட்டு மொழியிலேயே விடை கூறலாம்: பாசிப்பாட்டம் செலுத்தும்போது. இன்று அது பொன்னாகவோ நெல்லாகவோ இருக்க வேண்டியதில்லை. மழைநீர்க் காலில் குப்பை போடாத கையாக இருக்கலாம். ஏரியின் நீரைச் சோதிக்கும் மாணவனின் உழைப்பாக இருக்கலாம். கன்னட அண்டைவீட்டாருடன் சேர்ந்து வார்டுக் குழுவில் ஏரிக்காக எழுப்பும் குரலாக இருக்கலாம். அத்தொகையை நாம் தவறாது செலுத்தினால், அடுத்த சித்திரையின் முதல் மழை அல்சூர் ஏரிக் கெண்டைக்கு மீண்டும் விருந்தாகும். இங்கிருந்து இறங்கும் நீர் தென்பெண்ணைக் கரையிலுள்ள நம் உறவினர் வயலுக்கும் தூய்மையாகச் சென்று சேரும்.